செருப்பு மாட்டும்போது சொல்கிற வாக்கியம்

எங்கள் வீட்டுக்கு நலம் விசாரிக்க வந்தவர்களில் முதலில் விழுந்தது சுடலைமணி மச்சான்தான். விழுந்தார் என்றால் அடிபட்டு அல்ல. என் மனைவி உலகம்மாளைப் பார்த்து, "முன்னைக்கு இப்போ முகம் தெளிஞ்சிருக்கு தாயி" என்று வாய் கூசாமல் ஒரு பொய் சொன்னார். இரண்டு டம்ளர் காப்பி குடித்தார். வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "மாப்ள, என்ன உதவின்னாலும் தயங்காம கேளுங்க, நாங்கல்லாம் இருக்கோம்லா" என்றார். அவ்வளவுதான். ஒற்றைக் காலில் செருப்போடு மாடிப்படியில் உட்கார்ந்தவர், கைப்பிடிக் கம்பியில் தலையைச் சாய்த்துக் குறட்டை விட ஆரம்பித்தார்.

எனக்கு அதே நிமிடம் தோளிலிருந்து நெல் மூட்டையை யாரோ இறக்கி வைத்தது மாதிரி இருந்தது. உள்ளே போய், பல மாதமாகத் துடைக்காத மின்விசிறியைத் துடைத்தேன். துடைக்கும்போது சீட்டியடித்தேன் என்று உலகு பிறகு சொன்னாள்.

பெட்டியைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது பேய்க்கதை ஆகிவிடும். அதனால் சொல்லிவிடுகிறேன்.

உலகம்மாள் நகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவள். கண்டக்டர்களில் கடைசித் தலைமுறை. இப்போதெல்லாம் பேருந்தின் கதவே காசை வாங்கிக்கொண்டு பேசாமல் மூடிக்கொள்கிறது. அவள் காலத்தில் பாளையங்கோட்டையில் ஏறியவர் ஜங்ஷனில் இறங்குவதற்குள் தன் மகள் கல்யாணக் கவலை முழுவதையும் அவளிடம் சொல்லி முடித்திருப்பார். முடக்குவாதம் வந்தது. விரல் மடங்கவில்லை, முழங்கால் வீங்கியது, வேலை போயிற்று. வாய் மட்டும் ஓய்வு பெறவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள்தான் அவளுக்குப் பேருந்து. யாராவது வந்தால் போதும், வலியைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவாள்.

நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இணையத்தில் வணிகவியல் சொல்லிக் கொடுக்கிறேன். மிச்ச நேரமெல்லாம் அவளைத் தூக்கி உட்கார வைப்பது, குளிக்க வைப்பது, ஒத்தடம், மாத்திரை, சமையல், துணி, வருகிறவர்களுக்குக் காப்பி. பராமரிப்பு இயந்திரம் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பார்த்தோம். அது அவளைத் தொடுவதற்கு முன்னால் "வலிக்கிறதா?" என்று விதவிதமான ராகத்தில் கேட்டுக்கொண்டே இருந்தது. பதில் சொல்லியே அவளுக்கு வாய் வலித்ததால் திருப்பி அனுப்பிவிட்டோம்.

வந்தவர்கள் என்னைத் தெய்வம் என்றார்கள். ரசம் வைக்கிற ஆம்பிளையைத் தெய்வம் என்பது நம் ஊர் வழக்கம். இதே வேலையைப் பெண்பிள்ளை செய்தால் "அவ கடமை" என்று சொல்லிவிட்டு முறுக்கை எடுத்துக் கடிப்பார்கள். ஆனால் தெய்வத்துக்கும் தூக்கம் வரும். ஒருநாள் கூட்டாண்மைக் கணக்கு நடத்தும்போது பாதி வாக்கியத்தில் தூங்கிப்போனேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். இன்னொரு நாள் வெந்நீர்ப் பையை உலகுவின் முழங்காலில் வைத்துவிட்டு, அந்தப் பையின் மேலேயே தலை வைத்துத் தூங்கினேன். அவள் கத்தினாள். நான் எழவில்லை. அவள் கால் சிவந்து கொப்பளித்தது. டாக்டர் அவள் காலைப் பார்த்துவிட்டு என் கண்ணைப் பிதுக்கிப் பார்த்தார். "இப்படியே போனா நோயாளி ரெண்டு பேராயிருவீங்க" என்று சொல்லி, புதிதாக வந்திருந்த அசதிப்பெட்டிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

பெட்டியை மாட்ட வந்த பெண்ணின் பெயர் பெனினா. வாசலுக்கு மேலே டிபன் பாக்ஸ் அளவில் ஒன்றைப் பொருத்தி, என் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டினாள்.

"சார், அசதிங்கிறது உடம்புல இருக்கிற சரக்கு இல்ல. போதும், இனிமே முடியாதுன்னு மூளை போடுற சத்தம். அந்தச் சத்தத்தப் பட்டை எடுத்துக்கும். பெட்டி அத இன்னொருத்தர் தலைக்குள்ள போட்டுரும். அவங்க கொஞ்ச நேரம் தூங்கினாக் கரைஞ்சு போயிரும்."

"யாரு தலையில?"

"சம்மதிக்கிறவங்க தலையில. பக்கத்துல நின்னு, உதவுறேன்னு வாயால சொல்லணும். கையெழுத்துல்லாம் வேண்டாம் சார். தமிழ்ல அதச் சொல்றதுக்கு எத்தன வழி இருக்கோ அத்தனையும் அதுக்குப் படிச்சுக் குடுத்திருக்காங்க."

கட்டிலில் இருந்தபடி உலகு கேட்டாள். "நான் சொன்னா எனக்கு வருமா?"

"நோயாளிக்கு வராதும்மா. பூட்டிருக்கோம்."

"ஏன், நான் எடுத்தா என்ன?"

"நீங்களே முடியாம இருக்கீங்களேம்மா."

உலகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பெட்டியைச் செய்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தமிழை முழுசாகப் படித்தார்கள்; தமிழரைப் படிக்க நேரமில்லை போலிருக்கிறது. "என்ன உதவின்னாலும் தயங்காம கேளுங்க" என்பது செருப்பு மாட்டும்போது சொல்வதற்கென்றே நம்மிடம் இருக்கும் வாக்கியம். சொல்கிறவர் உதவி செய்யப் போவதில்லை, கேட்கிறவர் கேட்கப் போவதில்லை, இரண்டு பேருக்கும் அது தெரியும். "போய்ட்டு வாறோம்" என்பதைக் கொஞ்சம் ஈரமாகச் சொல்வது, அவ்வளவுதான். பெட்டி அதை நம்பிவிட்டது.

சுடலைமணி மச்சான் எழுந்தபோது வெயில் இறங்கியிருந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"மாப்ள, காப்பில என்னத்தக் கலந்திய?"

நான் பெட்டியைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் பெட்டியை அண்ணாந்து பார்த்தார்.

"ஒரு வாரத்து அசதியா மாப்ள?"

"இல்ல மச்சான். இன்னைக்குக் காலைல இருந்து உள்ளது."

"அப்பொறம் எப்படிச் சிரிச்சுக்கிட்டே ரெண்டு தடவ காப்பி போட்டிய?"

அவர் இன்னொரு செருப்பை மாட்டினார். வாய் திறந்து ஏதோ சொல்ல வந்து, பெட்டியைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போனார்.

நல்ல மனிதனாக இருந்தால் அன்றைக்கே பெனினாவைக் கூப்பிட்டுப் பெட்டியைச் சரிசெய்யச் சொல்லியிருக்க வேண்டும். நான் கடைக்குப் போய் நல்ல காப்பித்தூள் வாங்கி வந்தேன். ருசி கண்ட பூனை. வந்தவர்களை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். செருப்பை நானே நேராக எடுத்து வைத்தேன். அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் யாராவது நழுவப் பார்த்தால், "என்னமோ, நாளு ஓடுது" என்று ஒரு பெருமூச்சு விடுவேன். உடனே சொல்லிவிடுவார்கள். நம் ஆட்களிடம் பெருமூச்சுக்கு வேறு பதில் கிடையாது.

எங்கள் அடுக்ககச் சங்கச் செயலாளர் சண்முகவேல் அதைச் சொல்லிவிட்டுத் தள்ளாடியபடி கீழே போய்த் தன் காரில் ஏறித் தூங்கினார். தானாக ஓடும் கார் அது. உரிமையாளர் கூப்பிட்டும் எழவில்லை என்றதும் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டது. அங்கே சும்மா விடுவார்களா? எல்லாப் பரிசோதனையும் செய்து அவருக்குச் சர்க்கரை இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். "உங்களாலதான் ஆரம்பத்துலயே தெரிஞ்சுது" என்று சொல்லி, இனி அவர் சாப்பிடக் கூடாத அல்வாவை எனக்குக் கொடுத்தனுப்பினார்.

உலகு இதையெல்லாம் கட்டிலில் இருந்தபடி பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தாள். "உள்ள தள்ளிப் போங்க, பின்னால எடம் இருக்கு" என்று தூங்குகிறவர்களைப் பார்த்துக் கத்துவாள். அவள் அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது. அது ஒரு நல்ல மாதம்.

ஆனால் ஊர் சும்மா இருக்குமா? வேறு பல வீடுகளுக்கும் பெட்டி வந்துவிட்டிருந்தது. எங்கள் வார்டு வேட்பாளர் ஒரு பக்கவாதக்காரர் வீட்டுத் திண்ணையோரம் நின்று, "உங்களுக்காக எதையும் செய்யத் தயாரா இருக்கேன்" என்று சொல்லி, மாலையோடு சாய்ந்தார். பெட்டிக்கு அவர் வேட்பாளர் என்று யார் சொல்வது? அதற்குப் பிறகு பாளையங்கோட்டையில் பேச்சே மாறிப்போனது. நோய் விசாரிக்கப் போகிறவர்கள் வாசலில் ஏறும்போதே, "எங்களால ஒண்ணும் ஆகாது, பாத்துக்கிடுங்க" என்று திருநீறு பூசுகிற மாதிரி முதலில் சொல்லிக்கொண்டார்கள். சொன்ன பிறகு அவர்களுக்கே வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு எத்தனை தடவை வருவார்கள்? போனில் விசாரித்தார்கள். பிறகு அதுவும் குறைந்தது.

எங்கள் வீட்டு அழைப்பு மணி அடிப்பதே இல்லை. உலகு கதவைப் பார்த்தபடி கிடந்தாள். காலையில் எழுந்ததும் தலையை வாரிவிடச் சொல்வாள், யாராவது வந்தால் நல்லா இருக்க வேண்டுமே என்று. சாயங்காலம் பின்னலை அவிழ்த்துவிடச் சொல்வாள். ஒருநாள், "இன்னைக்கு வார வேண்டாம்" என்றாள்.

"உலகு, பெட்டியக் கழட்டிருவோம். பழையபடி எல்லாரும் வருவாவ."

"கழட்டிட்டு? திரும்பவும் வெந்நீர்ப் பையில தூங்குவியளா?"

"நான் சமாளிச்சுக்கிடுவேன்."

"நீங்க சமாளிச்ச லட்சணந்தான் என் கால்ல இருக்கே. கெடக்கட்டும், கழட்டாதிய."

இதில் ஒரு விசித்திரம். ஆள் வரவில்லை, அசதியை எடுத்துக்கொள்ள யாருமில்லை, ஆனாலும் நான் பூத்த பூவாய் இருந்தேன். காப்பி போடும் வேலை குறைந்ததால்தான் என்று நினைத்துக்கொண்டேன். மனிதன் தனக்கு வசதியான காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை, அதுவே வந்து மடியில் உட்காரும்.

அதே சமயம் உலகு தூங்க ஆரம்பித்தாள். நோய் வந்த நாளிலிருந்து அவளுக்கு ஒழுங்கான தூக்கம் கிடையாது. சோர்ந்து கிடப்பாள், கண் மூடாது. இப்போது மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். எழுப்பினாலும் எழவில்லை. போன் அடித்தாலும் எழவில்லை. நோய் உள்ளே இறங்கிவிட்டது என்றே முடிவு செய்தேன். மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கும்போதே, "லாப நட்டக் கணக்கு, ஒரு நிமிஷம் பிள்ளைகளா" என்று ஓடிப்போய் அவள் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். அவள் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

டாக்டருக்குப் போன் செய்தேன். பதறிக்கொண்டு சொன்னேன். அவர் பதறவில்லை.

"நல்லாத் தூங்குறாங்களா? சந்தோஷம்" என்றார்.

"டாக்டர், எழுப்பினா எழும்ப மாட்டேங்கா!"

"அப்படின்னா எழுப்பாதீங்க. வேற ஏதாவதுன்னா அவங்ககிட்டயே கேளுங்க" என்று வைத்துவிட்டார். டாக்டர்களுக்கு எப்போதுமே அடுத்த நோயாளி இருக்கிறார்.

மறுநாள் காலை தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். மிக்சி இரைந்துகொண்டிருந்தது. திடீரென்று முதுகு லேசானது. அந்த லேசு எனக்குத் தெரியும். சுடலைமணி மச்சான் படியில் விழுந்த அன்றிலிருந்து தெரியும். மிக்சியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தேன். கூடத்தில் அவளைத் தவிர யாரும் இல்லை. வாசலுக்கு மேலே பெட்டியின் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. உலகு கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"உலகு, இப்போ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலியே."

"பொய் சொல்லாத."

அவள் ஒரு கண்ணைத் திறந்தாள். காலை நேரத்து அசதி முழுத் தூக்கத்துக்குப் பத்தவில்லை போலிருக்கிறது. "உதவி வேணும்னா கேளுங்கன்னு சொன்னேன். எல்லாரும் சொல்லுததுதான."

"நோயாளிக்குப் பூட்டிருக்குன்னுல்லா அந்தப் பொண்ணு சொல்லிச்சு!"

"டாக்டர்கிட்டப் பேசினேன். எந்தப் புஸ்தகத்துலயும் கூடாதுன்னு எழுதல, எவனும் செஞ்சு பாத்ததும் இல்ல, வேணும்னா கொஞ்சமா எடுத்துப் பாருங்கன்னாரு. பெனினாவுக்கும் அவரே சொன்னாரு. நீங்க கடைக்குப் போயிருந்தப்ப வந்து தொறந்து விட்டுட்டுப் போச்சு. யாராவது வந்தாத் தெரியாம எடுத்துக்கிடக் கூடாதுன்னு, இப்போ எனக்கு மட்டுந்தான் வரும்."

எனக்குக் கோபம் வந்தது.

"உனக்கு இருக்கிற வலி பத்தாதா? என்னோடதையும் சேர்த்து எடுக்கணுமா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா குடுப்பியளா? எனக்கு ஒண்ணும் இல்லம்பிய. சிரிப்பிய. இத்தன வருஷமா அந்தச் சிரிப்பத்தான பாக்கேன்." அவள் மெல்ல நிமிர்ந்து உட்கார முயன்றாள். நான் கைகொடுக்கப் போனேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். "இங்க பாருங்க. எனக்கு ஒரு அசதி இருக்கு, நோய் அசதி. அது வந்து உக்காந்தா எந்திரிச்சுப் போகாது. தூங்கவும் விடாது. உங்க அசதி அப்படி இல்ல. டிப்போல வண்டிய விட்டுட்டு வந்து, செருப்பக்கூடக் கழட்டாம விழுவேன்லா, ஞாபகம் இருக்கா? அந்த அசதி. வேல பாத்த அசதி. அது வந்தா உடனே தூக்கம் வருது. நான் அத எத்தன வருஷம் கழிச்சுப் பாக்கேன் தெரியுமா?"

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். என் உடம்பில் வேண்டாதது என்று வந்தவன் போனவன் தலையிலெல்லாம் தள்ளிக்கொண்டிருந்த ஒன்று, அவளுக்குக் கிடைக்காத பொருளாக இருந்திருக்கிறது.

"இன்னொண்ணும் சொல்லணும்" என்றாள். இப்போது என்னைப் பார்க்கவில்லை. "உங்க அசதில கெடந்தப்போ எனக்கு ஒரு நெனப்பு வந்துச்சு. இது எப்போ முடியும்னு. எனக்கே அப்படித் தோணிச்சுன்னா, உங்களுக்கும் தோணியிருக்கும்லா?"

என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. அந்த நினைப்பு எனக்கு வந்திருக்கிறது. ஒத்தடம் கொடுக்கும்போது வந்திருக்கிறது, அவள் பின்னலை அவிழ்க்கும்போது வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் என்னையே நான் கேவலமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

"வந்திருக்கு" என்றேன்.

"உள்ளதச் சொன்னா, எனக்கும் நோய் வந்த மறுவருஷத்துல இருந்தே உண்டு. உங்களுக்குத் தெரிஞ்சா மனசு உடைஞ்சு போயிருவியன்னு சொல்லல. ஒரே நெனப்ப ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாம வச்சுக்கிட்டு இருந்திருக்கோம். என்ன குடும்பம் நடத்தினோமோ!"

அவள் சிரித்தாள். நான் அழுதேன். வெகுநேரம் அழுதேன். அவள் தன் மடங்காத விரல்களால் என் தலையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு பங்கு பிரிப்பதில் சண்டை வந்தது. கடைசி வடைக்குக்கூட நாங்கள் அப்படிச் சண்டை போட்டதில்லை. எல்லாவற்றையும் தரச் சொன்னாள். முடியாது என்றேன், அசதி இல்லாமல் எனக்கும் தூக்கம் வராது. பாதி பாதி என்று முடிந்தது. மத்தியானச் சாப்பாடு ஆனதும் அவள் அந்த வாக்கியத்தைச் சொல்வாள், நான் பட்டையைப் பாதியில் கழற்றுவேன், இரண்டு பேரும் தூங்கிப்போவோம்.

உலகு எல்லாருக்கும் போன் போட்டாள். "பயப்படாம வாங்க, பெட்டி எங்க ரெண்டு பேருக்குள்ள மட்டுந்தான்" என்று ஆளாளுக்குச் சத்தியம் செய்தாள். கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதல் ஆள் "என்ன உதவின்னாலும்" என்று இழுத்து, பெட்டியைப் பார்த்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வாக்கியத்தை முடித்தார். விழவில்லை என்றதும் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார்.

எனக்கு இப்போது ஒரே ஒரு கவலைதான். சாதாரண வீட்டு வேலையில் வருகிற அசதி இரண்டு பேருக்குப் பத்துவதில்லை. அதனால் மொட்டைமாடிச் செடிகளுக்குக் கீழே இருந்து வாளியில் தண்ணீர் சுமக்கிறேன். மாடியிலேயே குழாய் இருக்கிறது. சண்முகவேல் இரண்டு தடவை வந்து குழாயைத் திறந்து காட்டிவிட்டுப் போனார். எனக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டார். உலகு திறந்த கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் ஏறி இறங்குவதை மேற்பார்வை பார்க்கிறாள். "இன்னும் ரெண்டு நடை போங்க. நேத்து உள்ளது கொஞ்சம் தண்ணியா இருந்துச்சு" என்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை சுடலைமணி மச்சான் வந்தார். நான் இரண்டு கையிலும் வாளியோடு மூச்சு வாங்கப் படியேறுவதைப் பார்த்தார். இந்தத் தடவை அவர் அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்து, என் கையிலிருந்து ஒரு வாளியைப் பிடுங்கினார். உண்மையிலேயே உதவ வந்த முதல் ஆள் அவர்தான்.

"அண்ணே!" மேலேயிருந்து உலகுவின் குரல் மாடிப்படி முழுவதும் அதிர்ந்தது. "வாளியக் கீழ வைங்க! அது எனக்கு வர வேண்டிய அசதி!"

மச்சான் மிரண்டு போய் வாளியை என்னிடமே கொடுத்துவிட்டார். நான் வாங்கிக்கொண்டு மேலே ஏறினேன்.